எஸ்தரின் நடையை நடப்பவனுக்கு

மகனே,

ஏர்போர்ட்டுக்கு நான் வரமாட்டேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை எதிர்பார்த்துக்கொண்டு படிக்க வேண்டாம். அப்பா வருவார். சட்டையை இப்போதே இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருக்கிறார். உன் படம் வந்த பேப்பர் துண்டைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு, கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். பட்டுக்கடை வாசலில் ஆள் கூப்பிட நிற்கும் பையன்கள்கூட என்னைப் பார்த்தால், "டீச்சரம்மா, உங்க பையன் பாரின் போறாராமே" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடக்கிறேன். போனில் நீ "ஆசீர்வாதம் பண்ணும்மா" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வேறு யாரிடமோ பெட்டி எடை பற்றிப் பேசப் போய்விட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை நடுவில் மறித்து நீ பேச முடியாது.

சின்ன வயதிலிருந்தே உனக்கு அடுத்தவர் உடம்பை எடுத்துக்கொள்ளத் தெரியும். அப்பாவுக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தார். நீ அவர் பின்னாலேயே அதே மாதிரி நடந்தாய். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "டேய், சிரிக்க வைக்காதடா, தையல் பிரிஞ்சிடப் போவுது" என்று சுவரில் சாய்ந்துகொண்டு வலியோடு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு போஸ்ட்மேன், பால்காரம்மா, எதிர்வீட்டு வக்கீல் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். திக்கித் திக்கிப் பேசும் உன் சித்தப்பாவை, அவர் வாய் கோணும் இடம் உட்பட, அவர் முன்னாலேயே செய்து காட்டினாய். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வருவதை மெல்லக் குறைத்துக்கொண்டார். அவர் வராததை நீ கவனிக்கவே இல்லை. ஒருவரிடமிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு அந்த ஆள் உனக்குத் தேவைப்பட்டதில்லை.

சென்னையில் நீ சேர்ந்த நாடகக் குழுவை ஆரணிக்கு அழைத்து வந்தவன் நீதான். அரிசி ஆலைகளில் மூட்டை தூக்குகிறவர்களைப் பற்றி ஒரு நாடகம் செய்யப் போகிறோம் என்றாய். ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்த நெல் குடோனை நானே ஆலைக்காரரிடம் கேட்டு வாங்கித் தந்தேன். மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். எழுதின கதை கிடையாது, வசனம் கிடையாது. இதில் என்ன நாடகம் வரப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நீங்கள் மாஸ்டர் என்று கூப்பிடும் உங்கள் டைரக்டர் காலையில் ஒரே ஒரு சொல்லைச் சொல்வார். "பாரம்" என்பார். நீங்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போய் உடம்பால் அதைத் தேடுவீர்கள். ஒருவனுக்கு அது கழுத்தில் கிடைக்கும், ஒருத்திக்குக் கால் கட்டைவிரலில் கிடைக்கும். சாயங்காலம் எல்லோரும் தாங்கள் கண்டுபிடித்ததைச் செய்துகாட்ட வேண்டும். "இது வேணாம், இது இருக்கட்டும், இதை அவளோடதோட சேர்த்துப் பாரு" என்று மாஸ்டர் சொல்வார். அப்படிக் கழித்தும் சேர்த்தும் நாடகம் என் கண் முன்னாலேயே உண்டானது. யாரும் சைகை காட்டாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றீர்கள், ஒரே நேரத்தில் ஓடினீர்கள். ஆயுசில் பாதியை விசில் ஊதியே கழித்த பி.டி. டீச்சர் நான். விசில் இல்லாமல் இத்தனை உடம்புகள் ஒன்றாக மூச்சு விடுவதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை மறைக்க மாட்டேன். நீங்கள் செய்தது நல்ல வேலை.

விழுவதற்குத்தான் அதிக நேரம் பழகினீர்கள். நடந்துகொண்டே இருக்கும்போது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கமாவது சாய்வார், பக்கத்தில் இருப்பவர் பிடிக்க வேண்டும். "வர்றேன்" என்று சொல்லக்கூடக் கூடாது. அதில் எஸ்தருக்கு இணை யாரும் இல்லை. என் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண், தெள்ளாரில் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர் மகள். அவளை மைதானத்தில் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் குழுவில் சேர்த்தது நீ. "அவகிட்ட என்னமோ இருக்குதும்மா" என்று நீதான் என்னிடம் சொன்னாய். உங்கள் நாடகத்தில் அவள்தான் அரிசி மூட்டை. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு அவளை மாற்றிக்கொண்டே போவீர்கள். உயிருள்ள உடம்பை அப்படிப் பாரமாக்குவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். குடோன் வாசலில் நின்று பார்த்த லோடுமேன் ஒருவர், "இன்னாங்க இந்தப் பொண்ணு, நெஜமாவே மூட்டையாட்டம் தொங்குது, பாக்கவே பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

கடைசிக் காட்சி முதலில் உன்னுடையதாக இருந்தது. அடுக்கிய மூட்டைகளின் உச்சியில் ஏறி நின்று பின்பக்கமாக விழ வேண்டும், கீழே உங்கள் குழுவில் இருந்த காதரும் இன்னொருவரும் பிடிக்க வேண்டும். நீ நன்றாகத்தான் விழுந்தாய். ஒருநாள் மாஸ்டர் எஸ்தரை ஏறச் சொன்னார். அவள் விழுந்ததும் மாஸ்டர் உன் பக்கம் திரும்பினார். "நீ விழும்போது அழகா இருக்குது. அவ விழும்போது எழுந்து ஓடிப்போய்ப் பிடிக்கணும்னு தோணுது. இனிமே அவ விழட்டும், நீயும் காதரும் பிடிங்க" என்றார். நீ எல்லோருக்கும் முன்னால் எஸ்தரைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாய். வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளிவிட்டாய். "மூட்டையா கெடக்குறதுக்குப் போயி இன்னா பெரிய நடிப்பு" என்றாய். பசி வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துச் சோற்றை மூடிவைத்தேன்.

கல்யாண மண்டபத்தில் நாடகம் போட்ட அன்று ஊரே வந்திருந்தது. தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள், ஆலை ஆட்கள், இடுப்பில் குழந்தையோடு என் பழைய மாணவிகள். எஸ்தரின் அப்பா வெள்ளை வேட்டியில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கவாட்டில், நீ நிற்கும் இடம் நேராகத் தெரியும்படி உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பார்க்கத்தான் அங்கே உட்கார்ந்தேன். எஸ்தர் ஏறினாள், திரும்பினாள், கண்ணை மூடினாள், சாய்ந்தாள். நீயும் காதரும் கையை நீட்டியிருந்தீர்கள். அவள் முதுகு மூட்டையை விட்டு விலகிய பிறகு உன் வலது கால் பின்னால் போனது. கால் போனதும் தோள் போனது, தோளோடு கையும் போனது. கை வழுக்கினால் கால் நகராது. பள்ளிக்கூடத்தில் மரக்குதிரை தாண்டிக் குதிக்கும் பிள்ளைகளைப் பிடிக்க அந்த இடத்தில் எத்தனையோ காலம் நின்றவள் நான், எனக்கு அது தெரியும். காதர் ஒருவனாக அவள் தோளைப் பிடித்தான். இடுப்பு தரையில் மோதியது. ஜனங்கள் கை தட்டினார்கள். அவளும் அசையாமல் கிடந்தாள், மூட்டை அசையாது அல்லவா? விளக்கு அணைந்து திரும்ப எரிந்து, எல்லோரும் கும்பிட வரிசையாக நின்றபோதும் அவள் கிடந்தாள். அப்போதுதான் அவள் அப்பா எழுந்தார்.

வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் நீ. காதர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "என் தோளு தாங்கலடா, நான்தான் விட்டுட்டேன்" என்றான். நீ அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, "விடுடா, வேணும்னேவா செஞ்ச?" என்றாய். உன்னை டீக்கடைக்கு அழைத்துப் போய்க் கேட்டேன்.

"கால் ஏன்டா பின்னால போச்சு?"

"எந்தக் காலும்மா?"

"உன் வலது கால்."

நீ டீயைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தாய். "வேர்வையில கை வழுக்கிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைக் குடித்து முடித்தாய். மாஸ்டரிடம் சொன்னேன். "ஓரத்துல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்மா, இது விபத்து, குழுவைக் கலைச்சிடாதீங்க" என்றார். அப்பாவிடம் சொன்னேன். "உன் கண்ணுல புரை" என்றார். இப்போது இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. உன் கால் இன்னும் பின்னால்தான் போகிறது.

எஸ்தரிடமும் சொன்னேன். அவள் படுக்கையில் உட்கார ஆரம்பித்திருந்த சமயம். அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் டீச்சர். கீழ கை இருக்குதா இல்லையான்னு முதுகுக்குத் தெரிஞ்சிடும். பாதியிலேயே தெரிஞ்சிடுச்சு" என்றாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்லாதீங்க, மெஷின் ஓட்டிகினு எங்கியாவது போயி மோதிடுவாரு" என்றாள். அவள் பிழைத்து எழுந்தாள். இடது கால் மட்டும் உடன்வர மறுத்துவிட்டது. வந்தவாசி போய், அங்கே பஸ் மாறி, தெள்ளாருக்குப் போய் அவள் காலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். போகும்போதெல்லாம், நீ ஒரு தடவையாவது வருவாய் என்று நினைத்தேன்.

நீ வந்தாய். நான் இருந்த நாளில்தான் வந்தாய். எஸ்தரின் அப்பா கடைக்கு ஓடிப்போய் உனக்குக் கலர் வாங்கி வந்தார். "தம்பி எங்களை மறக்காம வந்துகினு கீது, டீச்சரம்மா" என்று என்னிடம் சொன்னார். நீ கலரைக் குடித்தாய். பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "எஸ்தர், அந்த வேப்பமரம் வரைக்கும் கொஞ்சம் நடந்து காட்டுறியா?" என்றாய். டாக்டரிடம் காட்டத்தான் என்று அவர் நினைத்தார். நானும் நினைத்தேன். அவள் நடந்தாள். "இன்னொரு தடவ" என்றாய். சைடிலிருந்து எடுத்தாய், பின்னாலிருந்து எடுத்தாய், குனிந்து பாதத்தை மட்டும் எடுத்தாய். புது நாடகம் செய்கிறோம், சொல் 'மிச்சம்' என்று மாஸ்டர் கொடுத்திருக்கிறார், எனக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அப்போதுதான் சொன்னாய். சொல்லிவிட்டு அந்த வாசலிலேயே அவளைப் போல நடந்து பார்த்தாய். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி இல்ல. கால் மொதல்ல வராது. இடுப்பு மொதல்ல போவும், கால் பின்னால இழுத்துகினு வரும்."

"இப்படியா?"

"பாரத்தை வலது பக்கமே வெக்காத. எடது பக்கம் வெக்கப் பாத்து, பயந்து திரும்ப எடுத்துக்கணும்."

நீ அதைப் பிடித்துக்கொண்டாய். வெயில் சாயும்வரை அவள் சொல்லிக்கொடுத்தாள், நீ கற்றுக்கொண்டாய். நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, என் மகன் ஒரு பெண்ணிடம் மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். "போதும், கிளம்பு" என்று நான் சொன்னபோது நீங்கள் இருவருமே என்னைத் தொந்தரவு செய்கிறவளைப் போலப் பார்த்தீர்கள். நீ போன பிறகு அவளிடம் ஏன் என்று கேட்டேன். "தப்பா செஞ்சா என்னால பாக்க முடியல டீச்சர்" என்றாள். பிறகு, "செஞ்சு பாக்கும்போதாவது நகர்ந்துட்டேன்னு வாயத் தொறந்து சொல்லிடுவான்னு நெனச்சேன்" என்றாள்.

அந்த நாடகம்தான் உன்னை இப்போது விமானம் ஏற்றுகிறது. சென்னையில் போட்டபோது எஸ்தர் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். அழைத்துப் போனேன். நாங்கள் வந்ததை உனக்குச் சொல்லவில்லை. ஏசி போட்ட சின்ன அரங்கம், தரையோடு தரையாக மேடை. நீ அவள் நடையில் வந்தாய். நன்றாகச் செய்தாய், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் இருந்த பெண் துப்பட்டா முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எஸ்தரின் உதடு மட்டும், நீ இடது பக்கம் பாரம் வைத்துப் பயந்து எடுக்கும் ஒவ்வொரு தடவையும், லேசாக அசைந்தது. சரியாகச் செய்கிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவில் நீ பழையபடி மூட்டைகளின் உச்சியில் ஏறிப் பின்பக்கமாக விழுந்தாய். காதர் உன்னைப் பிடித்தான். உனக்கு உன் காட்சி திரும்பக் கிடைத்துவிட்டது.

நாடகம் முடிந்து நீங்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னீர்கள். ஒரு பெரியவர் எழுந்து அந்த நடையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். நீ துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்துவிட்டு, "எங்கிருந்தும் எடுக்கல சார். ரொம்ப நாள் தேடினேன். ஒருநாள் என் உடம்பே கண்டுபிடிச்சிடுச்சு" என்றாய். எஸ்தர் என் கையைத் தட்டி, "போலாம் டீச்சர்" என்றாள். வரிசையில் எல்லோரும் முட்டியை மடக்கி வழிவிட்டார்கள். உன்னிடம் கேள்வி கேட்ட அதே பெரியவர் அவள் தன்னைக் கடந்து போவதைப் பார்த்தார். நல்ல மனிதர், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவள் கையைத் தொட்டு, "நீங்களும் அந்தப் பையனை மாதிரியே நடக்கிறீங்கம்மா" என்றார். எஸ்தர் "ஆமாங்க" என்றாள். கோயம்பேட்டில் பஸ்ஸில் ஏறும்போது டிரைவர், "ஜல்தி ஏறும்மா" என்றார். அப்போதுதான் அழுதாள்.

உனக்கு யோசனை சொல்லும் வயதைத் தாண்டிவிட்டாய் என்று அப்பா சொல்கிறார். இருந்தும் ஒன்று சொல்கிறேன். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் அதையும் அழகாகச் செய்வாய். முட்டி எப்போது மடங்க வேண்டும், குரல் எந்த இடத்தில் உடைய வேண்டும் என்று உனக்குத் தெரியும். பார்க்கிறவர்கள் அழுவார்கள். ஒருவேளை நானும் அழுவேன். திரும்பி வரும்போது உன் அடுத்த நாடகத்துக்கு ஒரு காட்சி கிடைத்திருக்கும். அவளிடம் இனி எடுக்க ஒன்றும் இல்லை, போகாதே. என்னிடமும் வராதே என்று எழுத நினைத்தேன். பெற்றவளுக்கு அந்த வரி வரவில்லை. வந்தால் சோறு போடுவேன். பக்கத்தில் உட்கார மாட்டேன்.

போன வாரம் காதர் ஆரணிக்கு வந்தான். வெளிநாடு போவதற்குள் எஸ்தர் காலில் விழ வேண்டும், தனியாகப் போக தைரியமில்லை, நீங்கள் கூட வாருங்கள் என்றான். தன் தோள்தான் அவளை விட்டுவிட்டது என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருக்கிறான். பிள்ளை பாதியாக இளைத்துவிட்டான். தெள்ளாரில் அவன் குனியப் போனதும் எஸ்தர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "உன் தோளு இல்ல காதர். நீ பிடிச்ச. நீ பிடிச்சதாலதான் கழுத்து தப்பிச்சுது. அவன்தான் நகர்ந்துட்டான்" என்றாள். காதர் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். உன்னைத் திட்டவில்லை. "என் முதுகைத் தடவிக் குடுத்தானே டீச்சரம்மா" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் அவன் என்னைக் கேட்டான். "தினமும் மேலேர்ந்து என் கையிலதான் விழுறான். இப்ப நான் இன்னா பண்ணட்டும்? நீங்க அவன் அம்மா, நீங்களே சொல்லுங்க." நான் யோசிக்கவே இல்லை, அது எனக்கே ஆச்சரியம். "பிடி" என்றேன். "ஒரு நாள் விடாமப் பிடி. கால் நகரக் கூடாது. அவன் தரையில விழுந்து கால் போச்சுன்னா அந்த நடை அவனுக்குச் சொந்தமாயிடும். அது எஸ்தரோடது, அவனுக்குக் குடுத்துடாதே."

காதர் என் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் சொன்ன சொல் மாறாதவன். நான் அவனிடம் சொன்னதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். போன இடத்தில் ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு, பயப்படாமல் விழு.

அம்மா